தை அறுவடையைப் பார்த்து எழுதாத ஒப்பந்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெரிய நிறுவனங்களும் பசுமைத் தொழிலில் இறங்கியிருக்கும் ஸ்டார்ட்அப்களும் காவிரி டெல்டாவில் கூட்டுச் சேரும் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. வைக்கோலை எரிபொருளாக்க ஒரு ஒப்பந்தம், நெல்வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவைக் குறைத்துக் கார்பன் கிரெடிட் (ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவைக் குறைத்ததற்குத் தரும், விற்கக்கூடிய சான்று) எடுக்க இன்னொன்று. வரவேற்க வேண்டிய முயற்சிகள்தான். ஆனால் ஆண்டு முழுக்க ஒரே சீராக ஓடும் தொழிற்சாலைக்காக எழுதிய கொள்முதல் ஒப்பந்தத்தை, மேட்டூர் திறப்பையும் ஐப்பசி மழையையும் நம்பியிருக்கும் மண்ணுக்கு அப்படியே கொண்டுவந்து கையெழுத்துப் போட்டால், நல்ல எண்ணத்தோடு தொடங்கிய கூட்டும் முதல் போகத்திலேயே முறிந்துவிடும். எந்த வரி எங்கே இடிக்கிறது, அதை எப்படி மாற்றி எழுதலாம் என்பதைக் கணக்கோடு சொல்லவே இந்தக் கடிதம்.

நிறுவனங்கள் தானாகத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கிவிட்டது. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு பயிர்க்கழிவையும் சேர்த்து எரிக்கவேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021-ல் கொள்கை வகுத்தது. ஆகவே தேவை அவர்கள் பக்கமும் இருக்கிறது. ஒப்பந்தம் பேச உட்காரும் ஸ்டார்ட்அப்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதை மறந்துவிட்டு, கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது.

வைக்கோலை முதலில் எடுத்துக்கொள்வோம். மாதம் இவ்வளவு டன் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரித்து எழுதுவதுதான் வழக்கமான கொள்முதல் ஒப்பந்தம். டெல்டாவில் வைக்கோல் அப்படிக் கிடைக்காது. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வருகிறது. வயலில் கிடக்கும் வைக்கோலைக் காயவைத்துக் கட்டுக் கட்ட வெயில் கிடைத்தால் உண்டு. சம்பா, தாளடி அறுவடை தையிலும் மாசியிலும். நல்ல காய்ந்த வைக்கோல் பெரும்பகுதியும் அந்த ஆறேழு வாரத்தில்தான் கைக்கு வரும். ஆண்டுக்கு 1,000 டன் தருவதாக ஒப்புக்கொண்ட ஸ்டார்ட்அப், அந்த ஆறேழு வாரத்துக்குள் ஏறக்குறைய 1,000 டன்னையும் வாங்கி, கட்டி, அடுக்கியாக வேண்டும்.

இதற்கு ஆகும் இடத்தைப் பலர் கணக்குப் பார்ப்பதே இல்லை. இயந்திரம் கட்டிய வைக்கோல் கட்டுகளை அடுக்கினால் ஒரு கன மீட்டருக்கு 120 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 1,000 டன்னுக்கு 8,300 கன மீட்டருக்கு மேல் வேண்டும். நான்கு மீட்டர் உயரம் அடுக்கினாலும் வைக்கோல் மட்டுமே அரை ஏக்கரை அடைத்துக்கொள்ளும். ஒரே போராகப் போட்டால் ஒரு தீப்பொறியில் எல்லாம் போய்விடும். 100 டன்னுக்கு ஒரு போர் என்று பத்தாகப் பிரித்து, இடையில் தண்ணீர் லாரி போகும் அளவுக்கு வழி விடவேண்டும். அதற்கு ஒன்றேகால், ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் தேவை. மேலே மின்கம்பி போகக்கூடாது. மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது. அடியில் மரக்கட்டையோ பலகையோ போட்டு உயர்த்தி, மேலே படுதா கட்டவேண்டும். இத்தனை செய்தாலும் அடிவரிசையிலும் மேல்வரிசையிலும் கொஞ்சம் வீணாகத்தான் செய்யும். இந்த இடவாடகையும் சேதாரமும் யார் கணக்கில் என்று ஒரு வரியாவது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

பணத்தின் கதையும் இதுதான். கணக்குக்காக ஒரு டன் 3,000 ரூபாய் என்று வைப்போம். 1,000 டன்னுக்கு 30 லட்சம் ரூபாய். விவசாயிக்கும், கட்டுக் கட்டும் வண்டிக்கும், ஏற்றுகூலிக்கும் வயலோரத்திலேயே கையில் காசு கொடுக்கவேண்டும். நிறுவனமோ மாதம் 83 டன் வீதம் எடுத்து, எடுத்த 60 நாள் கழித்துப் பணம் தருகிறது. அப்படியென்றால் போட்ட பணம் சராசரியாக எட்டரை மாதம் முடங்கிக் கிடக்கிறது. 12 சதவீத வட்டியில் அது 2,55,000 ரூபாய். டன்னுக்கு 255 ரூபாய். விலை பேசும்போது டன்னுக்கு நூறு ரூபாய்க்கு இழுபறி நடக்கிறது. இந்த 255 ரூபாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போர் போட்டு எடை பார்த்தவுடன் மதிப்பில் 60 சதவீதத்தை நிறுவனம் முன்பணமாகத் தந்துவிட்டால் வட்டிச் சுமை டன்னுக்கு 102 ரூபாயாகக் குறைந்துவிடும். குறைந்த வட்டியில் கடன் வாங்க வல்லவர் பெரிய நிறுவனம்தான். ஆகவே அந்தச் சுமையைத் தாங்கவேண்டியதும் அவர்தான். இது தர்மமாகக் கேட்பதில்லை. மொத்தச் செலவு அப்போதுதான் இரு தரப்புக்கும் குறையும்.

அடுத்தது ஈரப்பதம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரப்பத எல்லைக்காக நடக்கும் போராட்டம் நம் வாசகர்களுக்குப் புதிதில்லை. வைக்கோலிலும் அதே சிக்கல் வருகிறது, இன்னும் கடுமையாக. அறுவடை இயந்திரம் கக்கிப் போடும் வைக்கோலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தை வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்து காயவேண்டும். காலையில் பனி இறங்கியிருக்கும். பத்து பதினொரு மணிக்கு முன்பு கட்டுக் கட்டத் தொடங்கினால் பனி ஈரமும் கட்டுக்குள் போய்விடும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கட்டினால் கட்டின் நடுப்பகுதி சூடேறிப் பூஞ்சாணம் பிடிக்கும். பெரிய போராக அடுக்கியிருந்தால் தானே தீப்பற்றுகிற அபாயமும் உண்டு. 15 சதவீதத்துக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு. இதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. சண்டை வருவது ஈரத்துக்கு எப்படிக் கழிக்கிறார்கள் என்பதில்.

10 டன் வைக்கோல் வருகிறது, ஈரம் 22 சதவீதம், ஒப்பந்த அளவு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சரக்கு 7.8 டன். அதை 15 சதவீத ஈரத்துக்கு மாற்றினால் 9.18 டன். நியாயமான கழிவு 0.82 டன். ஒரு சதவீதத்துக்கு இரண்டு சதவீதம் என்று கழிக்கும் ஒப்பந்தத்தில் 1.4 டன் போய்விடும். ஈரம் 20-ஐத் தாண்டினால் சரக்கே வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் போக்குவரத்துச் செலவு இரண்டு முறை விழும். வைக்கோல் லேசான சரக்கு. 40 கன மீட்டர் பிடிக்கும் லாரியில் ஐந்து டன்கூட ஏறாது. ஆகவே ஒவ்வொரு நடையின் வாடகையும் டன்னுக்குப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கும். கழிவுச் சூத்திரம் உலர் எடையின் அடிப்படையில் இருக்கவேண்டும். சரக்கு வேண்டுமா வேண்டாமா என்ற முடிவை லாரி ஏற்றுமுன் போர் இருக்கும் இடத்திலேயே எடுக்கவேண்டும். ஆலை வாசலில் எடுக்கக்கூடாது.

ஈரம் அளக்கும் கருவி பற்றியும் ஒரு சொல். கட்டுக்குள் ஊசி குத்திப் பார்க்கும் மீட்டர், கட்டு இறுக்கமாக இருந்தால் ஒன்று காட்டும், தளர்ந்திருந்தால் வேறொன்று காட்டும். அவசரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம், பணத்தைக் கழிக்க அது போதாது. தகராறு என்று வந்தால் ஒரு லாரிக்குப் பத்துக் கட்டிலிருந்தாவது நடுப்பகுதியில் மாதிரி எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்திப் பார்த்த அளவே செல்லும் என்று எழுதிக்கொள்ளவேண்டும். மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டு விற்றவரிடமும் தரவேண்டும்.

சாம்பல் அடுத்த தகராறு. நெல் வைக்கோலை எரித்தால் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. வைக்கோலை அரைத்து அழுத்திச் சிறு எரிகட்டிகளாக்கும் பெல்லட் இயந்திரத்தின் அச்சையும் அரைக்கும் சுத்தியலையும் இந்தச் சிலிக்காதான் சீக்கிரம் தேய்க்கிறது. வயல் சேறு ஒட்டிய வைக்கோலில் சாம்பல் இன்னும் கூடும். அறுவடை வண்டியின் பெல்ட் ஈர வயலில் வைக்கோலைச் சேற்றில் மிதித்துவிடும். கட்டுக் கட்டும் வண்டியின் வாரும் பல்லை மிகத் தாழ்வாக இறக்கி ஓட்டினாலும் மண்ணும் சேர்ந்து ஏறும். எடை கூடுகிறதே என்று இதைக் கண்டுகொள்ளாமல் விடும் ஓட்டுநருக்கு, கட்டு எண்ணிக்கைக்குக் கூலி தராமல் சுத்தமான எடைக்குக் கூலி தந்தால் பல் தானே உயரும். கட்டும் நூலையும் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் நூல் அரவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டு வேலையை நிறுத்தும். மாட்டின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சணல் நூல்தான் என்று எழுதி, அதன் விலை வித்தியாசத்தை நிறுவனம் ஏற்கவேண்டும்.

இங்கே, வேதியியல் தெரிந்தவர்கள் அறிந்தும் கொள்முதல் அலுவலகங்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். கொதிகலனில் பொட்டாசியம் சாம்பலை உருகவைத்துக் குழாய்களில் கட்டியாக ஒட்டவைக்கிறது. குளோரின் குழாயை அரிக்கிறது. வைக்கோலைத் தனியாக எரிக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். ஆனால் அறுத்துப் போட்ட வைக்கோல் ஒரு மழையில் நன்றாக நனைந்து மறுபடி காய்ந்தால் இவ்விரண்டிலும் பெரும்பகுதி கரைந்து வயலுக்கே போய்விடும். அப்படிப்பட்ட வைக்கோல் நிறம் கறுத்து மாட்டுக்கு ஆகாமல் போகிறது. கொதிகலனுக்கோ அது மஞ்சள் வைக்கோலைவிட மேல். இப்போதைய ஒப்பந்தங்களில் "நிறம் பொன்மஞ்சளாக இருக்கவேண்டும்" என்று தீவனத்துக்கு எழுதும் நிபந்தனையை எரிபொருளுக்கும் எழுதுவதால், விவசாயி விற்கவே முடியாத சரக்கைத் தள்ளிவிட்டு, மாடு தின்னும் சரக்கை அடுப்புக்கு வாங்குகிறார்கள். நிற நிபந்தனையை எடுத்துவிட்டு ஈரமும் சாம்பலும் மட்டும் பார்த்தால் போதும். பருவம் தப்பிய மழையில் நனைந்த வைக்கோலுக்கு முதல் உரிமை எரிபொருளுக்கும், நனையாததற்கு முதல் உரிமை தீவனத்துக்கும் என்று இரண்டு தரமாகப் பிரித்து எழுதலாம். டெல்டா வைக்கோலை நம்பி மேற்கு மாவட்டங்களிலும் கேரளத்திலும் மாடுகள் இருக்கின்றன. நம் ஊர் நடுத்தெருவில் கட்டியிருக்கும் ஒற்றைப் பசுவும் இருக்கிறது. அதன் வாயிலிருந்து பிடுங்கிய எரிபொருளுக்குப் பசுமை என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

மண்ணின் பங்கையும் சொல்லவேண்டும். ஒரு டன் நெல் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ பொட்டாஷ் சத்து இருக்கிறது. ஏக்கருக்கு ஒன்றரை டன் வாரிக்கொண்டு போனால் 21 முதல் 30 கிலோ சத்து போகிறது. கடையில் வாங்கும் பொட்டாஷ் உரத்தில் அது 35 முதல் 50 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு மூட்டை. விவசாயிக்குத் தரும் விலையிலிருந்து இந்த ஒரு மூட்டையைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மையான வரவு தெரியும். வைக்கோலை மட்டுமே எரிக்கும் கொதிகலனாக இருந்தால் சாம்பலைத் திருப்பித் தருவதை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். வைக்கோல் ஏற்றிப் போன லாரி வெறுமனே திரும்பும்போதே ஏற்றி வரலாம். நிலக்கரியோடு சேர்த்து எரித்த சாம்பலை மட்டும் வயலுக்குக் கொண்டுவரக்கூடாது.

கார்பன் கிரெடிட்டுக்கு வருவோம். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் குறையும் என்பது உறுதியான அறிவியல். செய்முறையும் எளிது. 30 சென்டிமீட்டர் நீளமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிவிசி குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளை போட்டு, 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளும் 15 வெளியிலும் இருக்கும்படி பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை வெளியே எடுத்துவிடவேண்டும். நட்டு இரண்டு வாரம் வரை தண்ணீர் நிற்கட்டும். களை அதிகமானால் மூன்று வாரம். அதற்குப் பிறகு குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்குப் பாய்ச்சவேண்டும். பூக்கும் பருவத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் வயல் காயவே கூடாது. காய்ந்தால் பதர் கூடும்.

டெல்டாவின் களிமண்ணில் இது எங்கே பிசகுகிறது? துளைகள் களியால் அடைத்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே குறைவாக இருந்தால் குழாயைப் பிடுங்கிக் கழுவி, வலைத்துணி சுற்றி மறுபடி பதிக்கவேண்டும். இதைப் பார்க்காமல் கைபேசியில் படம் மட்டும் பிடித்து அனுப்பும் ஊழியரால் ஒரு போகத்துக் கணக்கே பொய்யாகிவிடும். களிமண் ஆழமாக வெடித்துவிட்டால் அடுத்த பாய்ச்சல் வெடிப்பு வழியே இறங்கிவிடும். தண்ணீர் மிச்சமாவதற்குப் பதில் கூடுதலாகச் செலவாகும். வரப்பில் நண்டு வளையும் எலி வளையும் இருந்தால் பக்கத்து வயலின் தண்ணீர் கசிந்து வந்து, காயவேண்டிய வயல் காயாது. வரப்பைச் சீர்செய்யும் கூலி எந்தத் திட்ட அறிக்கையிலும் இருப்பதில்லை. கட்டாயம் இருக்கவேண்டும்.

எல்லா இடத்திலும் செய்யக்கூடியதும் இல்லை. கார்த்திகை மழையில் நிற்கும் சம்பா வயலைக் காயவைக்க முடியாது. வாய்க்கால் பாசனத்தில் முறை வரும்போதுதான் தண்ணீர், மேல்வயல் வடிந்துதான் கீழ்வயலுக்கு. தனி விவசாயி நினைத்த நாளில் நிறுத்தவும் பாய்ச்சவும் முடியாது. நிலத்தடி நீர் எடுக்கும் வடிமுனைக் குழாய்க் கிணறு வைத்துக் குறுவை செய்யும் கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர், மயிலாடுதுறை வட்டாரங்களில்தான் இது கைவசப்படும். கீழ்வேளூர், தலைஞாயிறு போன்ற கடைமடையில் நிலத்தடி நீர் உப்பு. அங்கே தண்ணீர் வராமல் காய்ந்து கிடக்கும் வயலைக் "காய்ச்சலும் பாய்ச்சலும்" கணக்கில் சேர்ப்பது பெருந்தவறு. பழைய நெல் மீத்தேன் வழிமுறையை, கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2023-ல் நிறுத்திவிட்டு 2025-ல் புதியதைக் கொண்டுவந்தது; சீனாவின் 37 நெல் திட்டங்களை 2024-ல் நிராகரித்தது. பொய்க்கணக்கு ஒரு ஊரில் பிடிபட்டால் டெல்டா முழுவதன் கிரெடிட்டுக்கும் விலை போய்விடும்.

இதில் விவசாயிக்கு என்ன கிடைக்கும்? ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2019 வழிகாட்டியில் தெற்காசியாவுக்கான அளவு, ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் குறுவை ரகம் நட்டபின் வயலில் இருப்பது சுமார் 90 நாள், 76.5 கிலோ. பலமுறை காயவிட்டால் இது 45 சதவீதம் குறைவதாக எடுத்துக்கொள்கிறார்கள். 34 கிலோ மிச்சம். ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று பெருக்கினால் ஹெக்டேருக்கு 0.96 டன், ஏக்கருக்கு 0.39 டன். அதாவது ஏக்கருக்கு அரை கிரெடிட்கூட இல்லை. காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்பமூட்டும் வாயு கூடுவதைக் கழித்தால் இன்னும் குறையும். ஒரு கிரெடிட் 10 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 330 ரூபாய். சரிபார்ப்புச் செலவும் ஸ்டார்ட்அப்பின் பங்கும் பாதி என்றால் விவசாயி கைக்கு 165 ரூபாய். ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 55 ரூபாய். நம் விவசாயிகள் மாக்கணக்கில் பேசுகிறார்கள், நிறுவனத்தின் தாள் ஹெக்டேரில் பேசுகிறது. கிராமக் கூட்டத்தில் இந்த மாக்கணக்கைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக்கூடாது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரை மிச்சப்படுத்தியும் அவருக்குக் காசு மிஞ்சுவதில்லை. ஆகவே கிரெடிட் விற்ற பிறகு பங்கு என்று சொல்லாமல், குழாய் பார்த்து, வரப்பு கட்டி, முறைப்படி காயவிட்ட வேலைக்குப் போகத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகையை நிறுவனம் தரவேண்டும். கிரெடிட் விலை ஏறி இறங்கும் அபாயத்தை அதுவே ஏற்கட்டும். திருந்திய நெல் சாகுபடியில் ஏற்கெனவே சிக்கனமாகப் பாய்ச்சும் விவசாயிக்கு "புதிதாகக் குறைக்கவில்லை" என்பதால் கிரெடிட் கிடைக்காது. நிலையான தொகை என்றால் அவரையும் சேர்க்க வழி உண்டு.

யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி டெல்டாவில் மற்ற இடங்களைவிடக் கடினம். கோயில் நிலமும் மடத்து நிலமும் இங்கே ஏராளம். வாய்வார்த்தைக் குத்தகையும் ஏராளம். பட்டா ஒருவர் பேரில், சாகுபடி இன்னொருவர் கையில். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது, மற்றவர்களுக்குக் கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில்கூடப் பேர் இருக்காது. பட்டா கேட்கும் கார்பன் ஒப்பந்தத்தில் வேலை குத்தகைதாரருக்கும் பணம் நிலச்சொந்தக்காரருக்கும் போகும். குத்தகைதாரர் ஒப்பந்தம் போட்டால் தன் நிலத்துக்குப் பல ஆண்டுக் கட்டுப்பாடு வந்துவிட்டதே என்று சொந்தக்காரர் பயந்து குத்தகையை மாற்றிவிடக்கூடும். சாகுபடி செய்தவருக்கே வேலைத்தொகை, ஒப்பந்தம் ஒரு போகத்துக்கு மட்டும், நிலத்தின் மேல் எந்த உரிமையும் இல்லை என்ற மூன்றையும் தமிழில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

பணம் தாமதமாவதற்குச் சட்டத்தில் மருந்து இருக்கிறது. கையில் எடுக்கத்தான் ஆளில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், போய்ச் சேர்ந்த நாளே ஏற்ற நாள். "கணக்குப் பிரிவு பில்லைச் சரிபார்த்த நாளிலிருந்து 90 நாள்" என்ற வரி செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றத்தின்படி, கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. சிறு தொழில்களுக்கான உதயம் பதிவில் தொழிலை வெறும் "வணிகம்" என்று போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வணிகர்களுக்கு அந்தப் பதிவு வங்கிக் கடனுக்கு மட்டுமே உதவும். வைக்கோலை வாங்கி விற்பதோடு கட்டுக் கட்டுவது, பெல்லட் செய்வது எல்லாம் உற்பத்தியும் சேவையும்தான். பதிவில் அப்படியே இருக்கவேண்டும், முதல் லாரி கிளம்புமுன்பே இருக்கவேண்டும். திருச்சியில் இந்தத் தாமதத் தகராறுகளைத் தீர்க்கும் மண்டல வசதியாக்கக் குழு இருக்கிறது. குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் நிறுவனம் 75 சதவீதத் தொகையை முதலில் கட்டவேண்டும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள் சிறு நிறுவனங்களின் பில்லுக்கு நிதி நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் தரும் டிரெட்ஸ் தளத்தில் சேர்ந்தாகவேண்டும் என்ற ஆணையும் இருப்பதால், பில்லை அங்கே ஏற்றி உடனே பணமாக்கித் தருமாறு ஒப்பந்தத்திலேயே கேட்கலாம்.

இலவச முன்னோட்டம் என்ற வழக்கமும் நிற்கவேண்டும். ஐம்பது ஏக்கரில் ஒரு போகம் செய்துகாட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்கிறார்கள். அந்தப் போகம் முடியும்போது பேசிய அதிகாரி மாற்றலாகியிருப்பார். முன்னோட்டத்துக்கும் பணம் உண்டு, வெற்றி என்றால் என்ன அளவு, வெற்றி பெற்றால் அடுத்த போகத்தில் எவ்வளவு என்ன விலையில் என்று தொடங்குமுன் எழுதவேண்டும். ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தினால், அதே தாளில் குறைந்தபட்சக் கொள்முதல் உறுதியும் வேண்டும்.

குறைவாகத் தந்தால் அபராதம் என்ற பிரிவில் "இயற்கைச் சீற்றம்" என்று பொதுவாக எழுதுவது டெல்டாவுக்குப் போதாது. 2018 நவம்பரில் கஜா வந்ததுபோல் புயல் வந்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்த மழைக்கு என்ன சொல்வார்கள்? மேட்டூர் 2022-ல் மே 24-லும், 2024-ல் ஜூலை 28-லும் திறந்தது. இரண்டு ஆண்டும் குறுவைப் பரப்பு ஒன்றாக இருக்குமா? மேட்டூர் திறக்கும் தேதி வழக்கமான ஜூன் 12-ஐத் தாண்டினால் குறுவை அளவு எப்படிக் குறையும், மாவட்டத்தில் பதிவான மழை எவ்வளவு என்றால் அபராதம் இல்லை என்று எண்ணோடு எழுதினால்தான் இரு தரப்பும் நிம்மதியாகத் தூங்கலாம்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. வைக்கோலுக்கு ஒன்று, நீர்ச் சிக்கனத்துக்கு ஒன்று என இரண்டு மாதிரி ஒப்பந்தங்களைத் தமிழில் தயாரித்து ஊராட்சி அலுவலகங்களில் வைக்கட்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் தஞ்சாவூர் நிப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் அளவீட்டு முறைகளை எழுதித் தரட்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஒரு உலர்த்தும் அடுப்பும் நுண்தராசும் வைத்துக் குறைந்த கட்டணத்தில் சான்று தந்தால் ஈரத்தகராறு பாதி குறையும். தை வைக்கோலுக்கு ஒப்பந்தம் போட நினைக்கும் நிறுவனங்கள் ஆவணியிலேயே பேச்சைத் தொடங்கவேண்டும். மேட்டு நிலம் பிடிக்கவும், கட்டுக் கட்டும் வண்டிகளுக்கு முன்பதிவு செய்யவும், வங்கியில் முன்பணம் ஏற்பாடு செய்யவும் அந்த நான்கு மாதம் தேவை. மார்கழியில் வந்து கேட்பவர்களுக்கு மிஞ்சுவது மற்றவர்கள் விட்டுவைத்த வயல்கள் மட்டுமே.

இப்படிக்கு,
வைக்கோல் கொள்முதலிலும் உழவர் குழுக்களின் ஒப்பந்தப் பணியிலும் இருப்போர்,
மன்னார்குடி.